ஒப்புக்கு ஒரு நாப்

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். சாதித்ததை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும், மீதி இடத்தில் விளம்பரம்தான் போட வேண்டியிருக்கும். அதனால் சறுக்கியதை எழுதுகிறேன். அதில் எனக்குக் கைச்சரக்கு நிறைய.

அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் என் ஸ்டூடியோ இருந்தது. தலைக்கு மேலே விமானம் போகும்போது பாடுகிறவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். தொண்டைக்கு நல்லது என்று நானும் அதை ஒரு வசதிபோலச் சொல்லிக்கொள்வேன். அங்கே என் பெருமைக்குரிய சொத்து ஓர் இரும்புப் பெட்டி. பாட்டில் என்னென்ன சேர்க்க வேண்டுமோ எல்லாவற்றையும் சேர்த்து முடித்த பிறகு, மொத்தப் பாட்டும் கடைசியாக அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே போகும். அதற்கு ஒரே வேலை. எங்கேயாவது சத்தம் எல்லை மீறினால், மொத்தப் பாட்டையும் தோளில் கை வைத்து அமுக்குவதுபோல் அமுக்கும். மெல்லப் பாடும் இடங்களில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்.

எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு நாப், திருகுகிற குமிழ். பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு நாப். இரண்டாவது என்றைக்கோ செத்துப்போயிருந்தது. உள்ளே ஒயர் அறுந்து கிடந்தது. திருப்பினால் அழகாகத் திரும்பும், வேறொன்றும் நடக்காது. ரிப்பேர் செய்ய வேண்டும் என்று பல நாள் நினைத்து, என் வழக்கப்படி நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் பக்திப் பாடல் எடுக்கும் ஒரு தயாரிப்பாளர் வந்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு ஏதோ குறைந்தது.

“சார், இதுல இன்னும் கொஞ்சம் தெய்வீகம் ஏத்த முடியுமா?”

தெய்வீகத்துக்கு எந்த நாப் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு செத்துப்போன நாப்பைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் திருப்பினேன். “இப்போ?” என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இது... இதைத்தான் சார் கேட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அதற்கு ‘ஒப்புக்கு நாப்’ என்று பெயர் வைத்தேன். எத்தனை பேரை அது சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது தெரியுமா! ஒரே ஒரு சிக்கல், எனக்கு இடது வலது சட்டென்று வராது. இன்றைக்கும் ஆட்டோவில் போனால் கையை நீட்டித்தான் வழி சொல்வேன். அவசரத்தில் மாற்றித் திருப்பிவிடக் கூடாதே என்று, ஒப்புக்கு நாப்பின் தலையில் என் மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். பொட்டு வைத்தது பொய், பொட்டில்லாதது மெய். இதைவிடத் தெளிவான ஏற்பாடு உண்டா?

இனி ஷைனி, செல்வி கதைக்கு வருகிறேன். தாம்பரத்தில் ஒன்றாகக் கல்லூரியில் படித்த இரண்டு பெண்கள். ஷைனிக்குச் செம்பாக்கம். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள், அவளும் பள்ளியில் பௌதிகம் எடுக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறாள். செல்விக்குக் கடற்கரைக் குப்பம். அம்மா கரையில் மீன் ஏலம் விடுகிறவர். செல்வி பள்ளிக்கரணையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருவரும் சேர்ந்து தங்கள் பாட்டுக் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘கேட் போட்டாச்சு’. ரயில்வே கேட்டில் காத்திருந்த நேரத்தில்தான் முதல் பாட்டைப் போட்டார்களாம்.

முதல் ஆல்பத்தை என்னிடம்தான் செய்தார்கள். மெல்லிய காதல் பாட்டுகள். ஷைனி முன்னால் நின்று பாடுவாள், செல்வி பின்னால் ஆ, ஊ என்று சேர்ந்துகொள்வாள். கல்யாண வீடியோக்காரர்கள் அதை விழுந்து விழுந்து பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது ஆல்பத்துக்கு வந்தபோது ஷைனி, “சார், இது டான்ஸ் ப்ளஸ் பங்க்” என்றாள்.

எனக்குத் தெரிந்த பங்க் பெட்ரோல் போடுவதுதான். ஆனாலும் தெரிந்ததுபோல் தலையாட்டினேன். இந்தத் தொழிலில் கழுத்துக்குத்தான் வேலை அதிகம்.

“கீழ டான்ஸ் பீட் நிக்காம ஓடணும் சார். மேல கிட்டார் கிழிக்கணும். நடுவுல செல்வி கத்துவா.”

“எவ்வளவு கத்தணும்?”

“எங்கம்மா ஏலம் வுட்ற மாதிரி சார்” என்றாள் செல்வி. “கரைல நின்னு வுட்டா போட்டுல கீறவனுக்குக் கேக்கும்.”

மைக் முன்னால் நின்று ஒருமுறை விட்டாள். “இந்தா போச்சு! போச்சு! போச்சு!” என் மேஜை மேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்ணின் குரலை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். முதல் ஆல்பம் முழுக்க அவளை ஆ, ஊவுக்குள் பூட்டி வைத்திருந்தோம்.

எட்டுப் பாட்டு, எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. கோடை விடுமுறையில் பதிவு செய்தோம். பள்ளி திறந்துவிட்டால் ஷைனியை எங்கும் மேடை ஏற்ற முடியாது. அதனால் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எட்டுப் பாட்டையும் முடித்து, அதை இணையத்தில் வெளியிடுகிறவர்களுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் வெளியீடு மழைக்காலத்துக்குப் போய்விடும்.

பதிவு தொடங்கும் முன் ஸ்டூடியோவுக்கு வெள்ளையடித்தோம். பெட்டியெல்லாம் தூசி. நான் சுத்தக்காரன் என்று காட்டிக்கொள்ள, இரும்புப் பெட்டியின் நாப் தலைகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் துடைத்து, திரும்ப மாட்டினேன். மாட்டும்போது பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு விவரத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மிக்ஸிங் செய்த நாட்களில் ஷைனி அடிக்கடி ஏதாவது சொல்வாள். மெல்லப் பாடும் இடத்தில் மூச்சுச் சத்தம் கேட்கிறது, ஒரு சொல் கொஞ்சம் மழுங்குகிறது, இந்த மாதிரி. நியாயமானவற்றைச் சரி செய்வேன். மற்றவற்றுக்குப் பொட்டு வைத்த நாப். வலப்பக்கம் கொஞ்சம். “இப்போ?” “சூப்பர் சார்!” நடிப்பென்றாலும் எப்போதும் கூட்டுகிற திசையில்தான் திருப்புவேன். குறைப்பதுபோல் தெரிந்தால் கேட்கிறவருக்குத் திருப்தி வராது.

அந்தச் சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கடைசித் தடவையாகக் கேட்க உட்கார்ந்தோம். முதல் பாட்டு முடிந்ததும் செல்வி தலையைச் சொறிந்தாள்.

“சார், நான் கத்துற எடத்துல பாட்டு குந்திக்கிது சார்.”

“குந்திக்கிதா?”

“ஆமா சார். அதுவரிக்கும் காலு தானா ஆடுது. நான் வாயத் தொறந்தா காலு நின்னு பூடுது.”

மற்ற நாளாக இருந்தால் பொட்டுக்குக் கை போயிருக்கும். அன்று கடைசி நாள். எனக்குள் இருந்த நேர்மையான கலைஞன் விழித்துக்கொண்டான். வருடத்துக்கு ஒரு முறை விழிப்பான், நேரம் பார்த்து விழிக்க மாட்டான். சரி, அமுக்குவது கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று பொட்டில்லாத நாப்பைப் பிடித்து, இருபது நிமிடம் நூல் நூலாகக் குறைத்தேன். கண்ணை மூடினேன். அடடா! டிரம் நெஞ்சில் வந்து உதைத்தது. பாட்டு எழுந்து நின்றது. எனக்கே புல்லரித்தது.

“இப்போ?”

“செம்ம டிஃபரன்ஸ் சார்!” என்றாள் ஷைனி.

“அப்டியேதான் சார் கீது” என்றாள் செல்வி.

“அம்மா, முப்பது வருஷமா இந்தக் காதை வெச்சுதான் சாப்பிடறேன்.”

“காத வெச்சு எப்டி சார் சாப்புடுவீங்க?”

ஷைனிக்குக் கோபம் வந்துவிட்டது. “செல்வி, சார் இவ்ளோ நேரம் உக்காந்து சரி பண்ணியிருக்கார். உனக்குப் புரியலைன்னா கொஞ்சம் சும்மா இரேன்டி.”

“எனுக்கு ட்ரெயினிங் இல்லன்றியா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லாமதான சொன்ன.”

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் போனது. வழக்கமாக அப்போது சிரிப்போம், யாரும் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கியதும் செல்வி என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் கேக்குது, எனுக்குத்தான் கேக்கல. அப்ப தப்பு என் மேலதான். பாட்ட குந்த வெக்கிறது என் கத்தல்தான் சார். அத்த தூக்கிடுங்க. எட்டு பாட்டுலயும். ஷைனி மட்டும் பாடட்டும்.”

“ஏய், என்ன இது?” என்றாள் ஷைனி.

“மணி மூணாவுது. இத்தப் பேசிக்கினு இருந்தா டைம் போய்டும். தூக்கிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்குப் போவதாக இறங்கிப் போனாள். ஷைனியும் பின்னாலேயே ஓடினாள்.

கத்தலைத் தூக்கிவிட்டால் அது முதல் ஆல்பம்தான், கொஞ்சம் வேகமாக. செல்வி திரும்ப ஆ, ஊவுக்குப் போய்விடுவாள், இந்த முறை தானாகவே. அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு குரல் என்ன சொன்னது தெரியுமா? ‘அவளே கேட்டுக்கொண்டாள், நம் மேல் பழி இல்லை.’ இந்தக் குரல் உங்களுக்கும் வரும். மிக இனிமையான குரல். அதை நம்பாதீர்கள்.

தூக்குவதற்கு வசதியாக அவள் கத்தலை மட்டும் தனியாக ஓடவிட்டேன். பெட்டியின் முகப்பில், எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் ஒரு முள் உண்டு. அது ஒரேயடியாக ஓரத்தில் போய்ப் படுத்திருந்தது. இவ்வளவு குறைத்தோமே என்று பொட்டில்லாத நாப்பை இன்னும் குறைத்தேன். முள் அசையவில்லை. முழுவதுமாகக் குறைத்தேன். அசையவில்லை. தற்செயலாக, பழக்க தோஷத்தில், பொட்டு வைத்த நாப்பைத் தொட்டேன். முள் துள்ளியது.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்துவிட்டது. சோப்புத் தண்ணீர் வாளி கண்முன் வந்தது. தலைகளை மாற்றி மாட்டியிருக்கிறேன். பொட்டு மெய்யின் தலையில் உட்கார்ந்திருந்தது. அதாவது, ஷைனியைச் சமாதானப்படுத்த நான் நடித்த ஒவ்வொரு முறையும், நிஜமாகவே அமுக்கலைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். மெல்லப் பாடும் இடத்தில் அது வேலை செய்யாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. செல்வி கத்தும்போது மட்டும் பெட்டி மொத்தப் பாட்டின் தோளையும் பிடித்து அமுக்கியது, டிரம்மையும் சேர்த்து. பாட்டு குந்திக்கொண்டது. அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. நான் நேர்மையாக இருபது நிமிடம் திருப்பியதோ ஒயர் அறுந்த நாப்பை. அந்த உதை, அந்தப் புல்லரிப்பு, எல்லாம் நானே எனக்கு ஏற்றிக்கொண்ட தெய்வீகம்.

சரி செய்ய இரண்டு நிமிடம் போதும். அவர்கள் வந்ததும், “யோசிச்சுப் பார்த்தேன்மா, இப்போ கேளுங்க” என்றால் மேதை ஆகிவிடலாம். பொய் சொல்ல மாட்டேன், அதைத்தான் செய்யப் போனேன். நாப்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, முகத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அப்புறம்தான் செல்வி சொன்னது உறைத்தது. ‘உங்க ரெண்டு பேருக்கும் கேக்குது, எனுக்குத்தான் கேக்கல.’ நான் மேதையாகிவிட்டால் பாட்டு பிழைக்கும். ஆனால் மதியம் தன் காது தவறியதாகத்தான் அவள் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த முறை பாட்டு குந்தினால் வாயைத் திறக்க மாட்டாள். அவள் காது சரி என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள் நான்தான். அதைச் சொல்ல ஒரே வழி, என் காது பொய் என்று சொல்வது.

டீ குடித்துவிட்டு இருவரும் வந்தார்கள். நான் இரண்டு நாப் தலைகளையும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தெய்வீகம் உட்பட.

செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்ப மொத ஆல்பத்துலயும் இத்தத் திருப்பினீங்களா?”

“திருப்பினேன்மா. அப்போ அது உண்மையாவே ஒப்புக்குதான்.”

“நான் மூச்சு சத்தம் கேக்குதுன்னு சொன்னப்போ?” என்று கேட்டாள் ஷைனி.

“ஆமாம்மா.”

“சூப்பர் சார்னு சொன்னேனே.”

“சொன்னே.”

ஷைனி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் செல்வியைப் பார்த்துதான் பேசினாள். “எனக்கு ஒண்ணுமே கேக்கல செல்வி. இன்னிக்கும் கேக்கல. சார் கண்ணை மூடிட்டு அப்படிச் சிரிச்சாரா, சரியாயிடுச்சு போலன்னு நினைச்சேன். உன்னைப் போய்... சாரிடீ.”

“இன்னாத்துக்கு சாரி? அந்தாளு மூஞ்சப் பாத்து நானே முன்னாடி ரெண்டு வாட்டி ஏமாந்துகீறேன்.”

அந்தாள் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நான் சரி செய்த இடத்தில் பாட்டைப் போட்டேன். இருவருக்கும் முகம் மலர்ந்தது. ஆனால் செல்வி, “இன்னும் ஒரு துளி வுடணும் சார். இன்னும் லைட்டா புடிச்சு வெக்கிது” என்றாள். எனக்கு அதுவே தாராளம் என்று பட்டது. அதற்கு மேல் விட்டால் பாட்டு கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடும். மணி நாலு. மறுபடியும் என் காதா, அவள் காதா?

ஷைனிக்குள் இருந்த பௌதிக டீச்சர் எழுந்துகொண்டாள். “இனிமே யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டாம்” என்றாள். முதல் பாட்டை என் அளவில் ஒன்று, செல்வி அளவில் ஒன்று என்று இரண்டாகப் பதிந்துகொண்டாள். எங்கள் இரண்டு நாற்காலிகளையும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பின்னால் நின்று நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி ஆறு முறை கத்தும் இடத்தை மட்டும் போட்டாள். ஒவ்வொரு முறையும் எது யாருடையது என்று நாங்கள் எழுத வேண்டும்.

“சார், பக்கத்துல பார்க்காதீங்க.”

“பார்க்கலம்மா.” பார்த்தேன். செல்வி கையால் மறைத்துக்கொண்டாள்.

ஷைனி சிவப்புப் பேனாவால் திருத்தினாள். “செல்வி ஆறுக்கு ஆறு. சார் மூணு.”

“மூணுன்னா பாதி. பாஸ்தானேம்மா?”

“நாணயமே எழுதியிருந்தாலும் மூணு வாங்கியிருக்கும் சார்.”

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வித்தியாசம் கேட்கிறவர் தீர்ப்புச் சொல்லட்டும். கேட்காதவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வழி விடட்டும். உங்கள் ஸ்டூடியோவிலும் ஏதோ ஒரு வடிவத்தில் ஒப்புக்கு நாப் இருக்கும். நான் ஓய்வு பெற்றபோது என்னுடையதைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்கு நாலேகாலுக்கு செல்வியை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் பக்கத்தில் ஸ்டூலில். எட்டுப் பாட்டையும் அவள் சொன்ன அளவில் பெட்டி வழியாக ஓடவிட்டோம். பாட்டு எல்லை மீறினால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று அதில் உண்டு. என் காலத்தில் அதை எரிய விட்டதே இல்லை. முதல் பாட்டில் செல்வியின் ‘போச்சு’ நெருங்கியபோது, கிட்டார் ஏறியதிலேயே அது எரிந்தது. என் கை தானாக நாப்பை நோக்கிப் போனது.

“சார், கைய மடில வெச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டேன். ஐந்துக்கு இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. எங்களுக்குப் பின்னால் ஷைனி செருப்பைக் கழற்றிவிட்டு, நாங்கள் இருப்பதையே மறந்து ஆடிக்கொண்டிருந்தாள். செல்வி கத்தும் இடம் வந்தது. ஷைனியின் கால் நிற்கவில்லை.